பெயர்ச்சீட்டும் பாடபேதமும்

1887ஆம் ஆண்டு உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்தது, கிடைத்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டது, பாடபேதங்களைக் குறித்தது என அந்தப் பணியின் ஒவ்வொரு படியையும் தமிழ் படித்த நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அதை எழுத்தர் வேலை என்று எவரேனும் சொன்னால் நமக்குக் கோபம் வரும். ஆனால் அருங்காட்சியக அலமாரியில் ஊசி குத்தி வைத்த பூச்சிகளைப் பட்டியலிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், ‘அதற்கென்ன, எண் போட்டு எழுதிவைக்க வேண்டியதுதானே’ என்று நாமே சொல்லிவிடுகிறோம். இவ்விரண்டும் ஒரே தன்மையுடைய பணிகள். இரண்டாவதில் தமிழ் அறிந்தோர் செய்ய வேண்டிய பங்கு ஒன்று உண்டு. அதைச் செய்யாதிருப்பதால் ஒசூர், கிருஷ்ணகிரி போன்ற எல்லைப்புற வட்டாரங்கள் தம் இயற்கை வரலாற்றின் சில பக்கங்களை இழந்துவருகின்றன. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

அந்துப்பூச்சிகளில் உருவில் சிறிய குடும்பங்களை ஆய்வாளர்கள் ‘மைக்ரோலெபிடாப்டிரா’ என்று தனியே பிரித்துப் பேசுவது வழக்கம். சிற்றந்துகள் என்று நாம் சொல்லலாம். இயற்கையில் இப்படி ஒரு கோடு இல்லை. வேலை வசதிக்காக மனிதர் வகுத்த பிரிவு இது. சிறகு விரித்தால் சில மில்லிமீட்டர் மட்டுமே உள்ளவை இதில் ஏராளம். தமிழில் நிலைமை தலைகீழானது. நெற்குதிரைத் திறந்தால் மேலெழும் வைக்கோல் நிறச் சிறுபூச்சியைத்தான் நம் முன்னோர் ‘அந்து’ என்றனர். அந்தச் சிறியதன் பெயரையே நம் பாடநூல்கள் இனம் முழுவதற்கும் பொதுப்பெயராக்கின. நம் இலக்கியம் விளக்கில் விழும் விட்டிலைக் கண்டது. நம் உழவர் குதிருக்குள் இருந்த அந்துவைக் கண்டனர். அறிவியலுலகில் மட்டும் சிறியவை கடைசியாகவே கவனிக்கப்பட்டன. பெரிய, வண்ணச் சிறகுள்ள பூச்சிகளைச் சேகரிக்கப் பலர் இருந்தனர். சாம்பல் நிறத் துகள்போல் தோன்றும் இவற்றை எடுத்து, மயிரிழை போன்ற நுண்ணூசியில் குத்திச் சிறகு விரித்து வைக்கும் பொறுமை மிகச் சிலருக்கே இருந்தது.

இலக்கண ஆர்வலர்களுக்கு ஒரு செய்தி. 1758இல் லின்னேயசு அந்துகளுக்குப் பெயரிட்டபோது ஈற்றசைகளை ஓர் ஒழுங்கில் அமைத்தார். சிற்றந்துகளில் ஒரு பிரிவுக்கு ‘எல்லா’ என்றும், இலைசுருட்டிகளுக்கு ‘ஆனா’ என்றும், இன்னொரு பிரிவுக்கு ‘ஆலிஸ்’ என்றும் பெயர்கள் முடிந்தன. நம் பகுதியில் முட்டைக்கோசை அரிக்கும் வைரமுதுகு அந்துவின் பெயர் ப்ளூட்டெல்லா சைலோஸ்டெல்லா; கத்தரிக்காயைத் துளைக்கும் புழுவின் அந்து லூசினோடிஸ் ஆர்போனாலிஸ். விகுதியைக் கேட்டே குலத்தை ஓரளவு ஊகிக்கலாம். பெயரிடுதல் மொழிசார்ந்த செயல் என்பதை அறிவியலார் என்றும் மறந்ததில்லை. மொழி கற்பிக்கும் நாம்தான் அதை நினைப்பதில்லை.

*

இந்தியச் சிற்றந்துகளுக்கு மிகுதியாகப் பெயர் சூட்டியவரும் ஒரு மொழியாசிரியர்தான். எட்வர்ட் மெய்ரிக் (1854-1938) இங்கிலாந்தில் மார்ல்பரோ பள்ளியில் செவ்வியல் மொழிகளைக் கற்பித்தவர். 1905 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இந்தியச் சிற்றந்துகளை வரிசையாக விவரித்தார். 1912 தொடங்கி அயல்நாட்டுச் சிற்றந்துகளுக்கென்றே தனி இதழ் ஒன்றைத் தாமே வெளியிட்டு, 1937 வரை நடத்தினார். உலகெங்கிலுமிருந்து வந்த அந்துகளில் அவர் புதிதாகப் பெயரிட்டவை 14,000க்கும் மேல் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

அவருக்குப் பூச்சிகள் அஞ்சலில் வந்தன. நீலகிரியிலிருந்து ஆண்ட்ரூஸ், கூர்க்கிலிருந்து நியூகம், இலங்கையின் மஸ்கெலியாவிலிருந்து போல் என அனுப்பியவர்களின் பெயர்கள் அவருடைய விவரணங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் தாமஸ் பெயின்பிரிக் பிளெட்சர். சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூரில் பணியாற்றியவர். 1914இல் ‘சில தென்னிந்தியப் பூச்சிகள்’ என்று பொருள்படும் தலைப்பில் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர். பின்னர் பிகாரின் பூசாவில் பேரரசுப் பூச்சியியலாளரானார். 1920இல் இந்தியச் சிற்றந்துகளின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்டார். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்கிறது, எப்படிக் கூடு கட்டுகிறது, எந்த மாதத்தில் அந்துவாகிறது என்பவற்றையெல்லாம் வளர்த்துப் பார்த்து எழுதிய நூல் அது. அந்த வளர்ப்பு வேலையில் இந்திய உதவியாளர்களின் கைகள் இருந்தன. கோயம்புத்தூரில் பணியாற்றிய டி.வி. இராமகிருஷ்ண ஐயர் போன்ற சிலரே தம் பெயரில் நூல் எழுதும் நிலைக்கு உயர்ந்தனர். 1940இல் வந்த அவருடைய தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு ஒரு தலைமுறைக்குப் பாடநூலாக இருந்தது. மற்றவர்கள் சீட்டுகளில்கூட இடம்பெறாமல் மறைந்தனர்.

இவ்வாறு நம் மண்ணின் சிற்றந்துகள் இரண்டு மூன்று இடங்களில் சிதறின. ஒரு பகுதி மெய்ரிக்கிடம் சென்றது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அவருடைய சேகரம் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஒரு பகுதி பூசாவில் இருந்தது. 1934 பிகார் நிலநடுக்கத்துக்குப் பின் அந்நிறுவனம் புதுதில்லிக்குப் பெயர்ந்தபோது சேகரமும் உடன் சென்றது. இன்றும் அது தேசியப் பூசா சேகரம் என்ற பெயரில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ளது. ஒரு பகுதி கோயம்புத்தூரில் தங்கியது. அங்கே வேளாண் பல்கலைக்கழகம் 2018இல் தனிப் பூச்சி அருங்காட்சியகத்தையே திறந்திருக்கிறது.

*

மெய்ரிக்கின் சேகரத்தைப் பட்டியலிட்ட கதை, பதிப்பாசிரியர்கள் அனைவரும் படிக்க வேண்டிய ஒன்று.

மெய்ரிக் கைவில்லையால் பார்த்தே பெரும்பாலும் எழுதினார். சிறகின் நிறத்தையும் நரம்பமைப்பையும் விவரித்தார். சிற்றந்துகளில் நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய இனப்பெருக்க உறுப்புகளை ஆராய்வதே உறுதியான வழி என்று பிறர் நிறுவிய பின்னும் அவர் அதை ஏற்கவில்லை. பல பூச்சிகளை வைத்து ஓர் இனத்தை விவரிக்கும்போது, இன்னதே மூலமாதிரி என்று ஒன்றை அடையாளப்படுத்துவதும் அவர் வழக்கமன்று. விளைவு என்ன? ஒரே பெயரின்கீழ் ஐந்தாறு பூச்சிகள் நிற்கும். அவற்றுள் இரண்டு வேறு இனமாக இருக்கும். பெயர் எதற்குரியது?

அமெரிக்க அந்தியலாளர் ஜே.எஃப். கேட்ஸ் கிளார்க் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக மெய்ரிக்கின் மூலமாதிரிப் பட்டியலை வெளியிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் மெய்ரிக் அச்சில் எழுதியதை எடுப்பது, பெட்டியில் நிற்கும் பூச்சிகளின் சீட்டுகளை அதனோடு ஒப்பிடுவது, ஊர், நாள், சேகரித்தவர் ஆகிய மூன்றும் பொருந்தும் ஒன்றைத் தெரிந்தெடுத்து மூலமாதிரியாக அறிவிப்பது என்பது அவர் முறை. அதன் வயிற்றுப் பகுதியைக் கழற்றி, காரக் கரைசலில் இளக்கி, உள்ளுறுப்பைப் பிரித்துக் கண்ணாடித்தகட்டில் பதிக்க வேண்டும். தகட்டின் எண்ணையும் ஊசியின் சீட்டையும் இணைத்து எழுத வேண்டும். ஓர் எண் மாறினால், ஒரு பூச்சியின் உடல் இன்னொன்றின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு சுவடியின் ஏடு மற்றொரு சுவடிக்கட்டில் சேர்ந்துவிட்டால் என்ன குழப்பம் நேருமோ, அதே குழப்பம் இங்கும் நேரும்.

மூலத்தைத் தேர்தல், பிரதிகளை ஒப்பிடல், இடைச்செருகலை விலக்கல், முடிவுக்கான காரணத்தைப் பதிவு செய்தல் ஆகிய நான்கும் இதில் இருக்கின்றன. இதைப் பதிப்பு என்று அழைக்காமல் வேறு என்னவென்று அழைப்பது?

*

‘இருக்கட்டும், செத்த பூச்சியின் பெயரால் யாருக்கு என்ன பயன்?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களை இராயக்கோட்டைத் தக்காளிச் சந்தைக்கு அழைக்கிறோம்.

1917இல் மெய்ரிக், தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் வன்காயோ என்ற மலைநகரில் கிடைத்த சாம்பல் நிறச் சிற்றந்து ஒன்றுக்கு ஃப்தோரிமியா அப்சொலூட்டா என்று பெயரிட்டார். பல பத்தாண்டுகள் அது தென்னமெரிக்காவின் உள்விவகாரமாகவே இருந்தது. 2006இல் அது ஸ்பெயினில் தென்பட்டது. மத்தியதரைக்கடல் நாடுகளையும் மேற்காசியாவையும் கடந்து 2014இல் மகாராட்டிரத்தின் புனே பகுதித் தக்காளியில் கண்டறியப்பட்டது. பிறகு கர்நாடகம் வழியே நம் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. இலையின் இரு தோல்களுக்கு நடுவே புழு சுரங்கம் அறுக்கும், காயையும் துளைக்கும்.

தக்காளி இலையில் இத்தகைய சுரங்கத்தைக் கண்டவுடன் பெயர் சொல்லிவிட முடியாது. உருளைக்கிழங்கைத் துளைக்கும் அந்து ஒன்று நெடுங்காலமாக இந்நாட்டில் உள்ளது. அது தக்காளி இலையையும் தின்னும்; இரண்டும் உறவினங்கள்; கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதென்றால் ஒவ்வோர் இனத்துக்கும் தனி மணம் வேண்டும். பெயர் தவறினால் பொறி வெறுமையாகத் தொங்கும். ஐயத்தைத் தீர்ப்பது ஆண் அந்துவின் உள்ளுறுப்பு. அதை எதனோடு ஒப்பிடுவது? அருங்காட்சியகத்தில் பட்டியலிட்டு வைத்த மாதிரியோடும், அதன் வழியே வந்த படங்களோடும்தான். வன்காயோவின் மலைச்சரிவில் பிடித்த ஒரு பூச்சியின் சீட்டு, நூறு ஆண்டுகள் கழித்து ஒசூர்ப் பக்கத்து உழவரின் வயலுக்குச் சான்றாக வந்து நிற்கிறது. இதற்கிடையில் அந்தப் பூச்சி பேரினப் பெயரைப் பலமுறை மாற்றிக்கொண்டு ‘டூட்டா அப்சொலூட்டா’ என்று புகழ்பெற்றது. 2021இல் வந்த ஆய்வு ஒன்று, மெய்ரிக் வைத்த பேரினத்திலேயே அதை மீண்டும் சேர்த்தது.

பட்டியல் சரியில்லாவிட்டால் நேர்வது என்ன என்பதற்குத் தென்னையின் கருந்தலைப் புழு சான்று. ஃபிரான்சிஸ் வாக்கர் என்பவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பூச்சிகளுக்குப் பல தொகுதிகளாகப் பட்டியல் எழுதியபோது, 1864இல் அதன் அந்துவுக்கு ஒபிசினா அரெனோசெல்லா என்று பெயரிட்டார். வாக்கரின் விவரணங்கள் அவசரமானவை என்று அவர் காலத்திலேயே பேசப்பட்டது. 1905இல் மெய்ரிக் அதே அந்துவைப் புதிய இனமாகக் கருதி நெஃபாண்டிஸ் செரினோபா என்றார். பல பத்தாண்டுகள் நம் வேளாண் நூல்கள் அனைத்தும் இந்தப் பெயரையே எழுதின. பின்னர் மாதிரிகளை ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே எனத் தெரிந்து, முந்திய பெயரே நிலைபெற்றது. நெஃபாண்டிஸ் மறைந்தாலும் அதன் நிழல் மறையவில்லை. அந்தப் புழுவை அழிக்கத் தென்னந்தோப்புகளில் விடப்படும் ஒட்டுண்ணிக் குளவிக்குக் கோனியோசஸ் நெஃபாண்டிடிஸ் என்று பெயர். வழக்கொழிந்த சொல் ஒன்று ஊர்ப்பெயரில் மட்டும் உயிரோடிருப்பதைப் போல.

*

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். பழைய சேகரத்தின் உயிர் சீட்டில் இருக்கிறது. சீட்டில்லாத பூச்சி முதலேடும் இறுதியேடும் இழந்த சுவடிக்குச் சமம். ஆனால் நூறாண்டு முந்திய சீட்டை இன்று படிப்பது எளிதன்று.

‘சேலம் மாவட்டம்’ என்று மட்டும் எழுதிய ஒரு சீட்டை எண்ணிப் பாருங்கள். தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ஆகவே அந்தப் பழைய சேலம், 1500 மீட்டர் உயரத்து ஏற்காடாகவும் இருக்கலாம். சுமார் 900 மீட்டர் உயரத்து ஒசூர் மேட்டுநிலமாகவும் இருக்கலாம். ஆத்தூர்ச் சமவெளியாகவும் இருக்கலாம். மூன்றின் செடிகொடிகளும் வேறு. அதுபோலவே 1956க்கு முந்திய ‘கோயம்புத்தூர் மாவட்டம்’ என்னும் சீட்டு, இன்று கர்நாடகத்தில் உள்ள கொள்ளேகாலத்தையும் குறிக்கக்கூடும். மாநில எல்லை எங்கே ஓடியது, எந்த ஆண்டு நகர்ந்தது என்பதை அறியாத பட்டியலாளர், அந்துவைத் தவறான மலையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்.

இடத்தைவிட நுட்பமானது செடியின் பெயர். புழுவை வளர்த்து எடுத்த அந்துவாயின், எந்தச் செடியில் கிடைத்தது என்ற குறிப்பே மதிப்புமிக்கது. உள்ளூர் உதவியாளர் சொன்ன பெயரை ஆங்கிலேய அதிகாரி உரோமன் எழுத்தில் எழுதியிருக்கிறார் எனக் கொள்வோம். நெட்டெழுத்துக் குறியில்லாத அவ்வெழுத்தில் அவரை, ஆவாரை ஆகிய இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படும். ஒன்று தோட்டத்துக் கொடி. மற்றது புறம்போக்கில் பொன்னாய்ப் பூக்கும் புதர். இரண்டும் காய்ப்பவை, இரண்டின் காய்களிலும் புழு உண்டு. தாவரவியலார் ஒருவர் அகராதியைப் பார்த்து முதலில் கண்ணில் படுவதை எழுதிவிடுவார். தமிழ் காதில் ஒலிக்கும் ஒருவர்தான் ‘இங்கே இரண்டு பாடங்கள் சாத்தியம்’ என்று நிறுத்துவார். ஒசூர்க்காரர் இன்னும் ஒரு படி மேலே போவார். இங்கே பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் உண்டல்லவா? தெலுங்கில் அவரை சிக்குடு, ஆவாரை தங்கேடு. இரண்டுக்கும் இடையே மயக்கத்துக்கே இடமில்லை. அதே நாளில், அதே இடத்தில் எடுத்த வேறொரு பூச்சியின் சீட்டில் தெலுங்குப் பெயர் இருந்தால் ஐயம் தீர்ந்தது. மும்மொழி பேசும் நம் எல்லைப்புறத்தின் இந்தத் திறனை எந்த அருங்காட்சியகமும் இதுவரை கேட்டுப் பெற்றதாகத் தெரியவில்லை. நாமும் முன்வந்து கொடுக்கவில்லை.

*

‘இப்போதுதான் மரபணுக் குறியீடு வந்துவிட்டதே, ஒரு காலை உடைத்து இயந்திரத்தில் போட்டால் பெயர் சொல்லிவிடும்’ என்பது மற்றொரு மறுப்பு. 2003இல் முன்மொழியப்பட்ட அந்த முறை பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது இரண்டு பூச்சிகள் ஒன்றா வேறா என்று சொல்லும்; அவற்றுக்கு உரிய பெயர் எது என்பதை மூலமாதிரியோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும். அந்தப் பூச்சி எந்த ஏரிக்கரையில், எந்த மாதத்தில், எந்தச் செடியில் இருந்தது என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. அதைச் சீட்டு மட்டுமே சொல்லும்.

இன்னொரு குரல், வெள்ளையர் எடுத்துச் சென்றவற்றைத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும் என்கிறது. அதன் பின்னுள்ள நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் தொட்டால் உதிரும் சிற்றந்துகளைக் கடல் கடத்துவதைவிட, அவற்றின் சீட்டுகளையும் படங்களையும் எல்லோருக்கும் திறந்துவைக்கச் சொல்வதே உடனடிப் பயன் தரும். அதற்கும் முன்னதாக, இங்கேயே இருப்பவற்றை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நமக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில், ஆய்வுக்குழு வருவதற்கு முன் நடந்த துப்புரவில், விலங்கியல் துறையின் பழைய பூச்சிப்பெட்டிகள் உடைந்த நாற்காலிகளோடு வெளியேற்றப்பட்டன. உள்ளே பாதிக்கு மேல் அருங்காட்சியக வண்டு தின்று பொடியாகியிருந்தது உண்மைதான். ஆனால் சீட்டுகள் இருந்தன. எவரும் அவற்றைப் படியெடுக்கவில்லை. ஏடுகளை ஆற்றில் விட்ட கதையைச் சொல்லி வருந்தும் நாம், அதே செயலைக் கண்ணெதிரே செய்கிறோம்.

ஒசூரைச் சுற்றி ஆலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகியதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவற்றால் இவ்வூரார் பலர் பிழைக்கிறார்கள். நம் மாணவர்களின் பெற்றோர் பலர் அங்கே வேலை செய்பவர்கள். ஆனால் ஆவாரையும் ஊமத்தையும் படர்ந்திருந்த மேடுகள் தளமிட்ட வளாகங்களாக மாறியபின், அங்கே எந்தச் சிற்றந்து இருந்தது என்று கேட்டால் பதில் சொல்லப் பழைய சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

எனவே நாம் வேண்டுவது மூன்று. முதலாவது, பழைய சேகரத்தைப் பட்டியலிடும் எவரும் சீட்டில் உள்ளதைப் பிழையோடு அப்படியே படியெடுக்க வேண்டும். தம் விளக்கத்தைத் தனியே எழுத வேண்டும். மூலபாடத்தையும் உரையையும் கலக்கலாகாது என்பது நமக்குப் பழகிய நெறிதானே. இரண்டாவது, கல்லூரிகளில் உள்ள பெட்டிகளைக் கழிப்பதற்கு முன், பூச்சி எந்நிலையில் இருந்தாலும், சீட்டுகளைப் படம் எடுத்துவிட வேண்டும். இதற்குப் பெரும் நிதி வேண்டாம். கைபேசியும் இரண்டு மாணவர்களும் ஒரு வாரமும் போதும். மூன்றாவது, ஊர்ப்பெயர், செடிப்பெயர் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் இடத்தில் மொழி அறிந்தவர் ஒருவர் உட்கார வேண்டும். பூச்சியியலாருக்கும் தமிழ்த்துறையாருக்கும் இடையே ஒரு தாழ்வாரம்தான் தூரம். பெரும்பாலான கல்லூரிகளில் அதைக் கடந்து தேநீர் குடிக்கக்கூட யாரும் போவதில்லை.

தமிழ்த்துறையில் முதுகலைத் திட்டக் கட்டுரைக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் வந்து நிற்கிறார்கள். ‘பழைய பூச்சிச் சீட்டுகளில் தென்னிந்திய ஊர்ப்பெயர்களும் தாவரப் பெயர்களும்’ என்பது ஒரு தலைப்பு. அதை எடுக்க எந்த மாணவருக்கும் தயக்கம் இருக்கலாம். நெறியாளருக்கு இருக்கக் கூடாது.